கேக் உருண்டையில் உன் கட்டைவிரல்

என் ஆசைத் தம்பி சங்கருக்கு,

நீ போனபிறகு வந்திருக்கும் மூன்றாவது ஆடி இது. காற்று இப்போதும் தெருப் புழுதியை அள்ளி வந்து நம் வாசலில்தான் கொட்டுகிறது. உன்னிடம் ஒரு சேதி சொல்ல வேண்டும். உனக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அக்கா வாயால் சொல்ல வேண்டாமா?

உன் பெண்டாட்டி பிரேமாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை பெயர் குமரேசன். சிவகிரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். அதிகம் பேசமாட்டார். போன ஞாயிற்றுக்கிழமை உன் மகள் யாழினிக்குப் பிறந்தநாள். அன்றைக்குத்தான் அவர் முதன்முதலாக நம் வீட்டுப் படியேறினார்.

யாழினி போனில் எதையோ பார்த்துவிட்டு, "அத்த, எனக்குக் குச்சில குத்துன கேக்குதான் வேணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். கேக் பாப் என்று பெயராம். பஜாரில் கேட்டால், "அதெல்லாம் இங்கன போடுததில்லக்கா" என்றார்கள். சரி, நாமே செய்வோம் என்று இறங்கினேன். எனக்கு அதிரசமே ஒழுங்காக வராது என்பது உனக்குத் தெரியாதா?

வெறும் கேக்கை வாங்கி உதிர்த்து, கிரீம் சேர்த்துப் பிசைந்தேன். கிரீம் கூடிப்போய்க் களி மாதிரி ஆயிற்று. இன்னொரு கேக்கை உதிர்த்துப் போட்டு ஒருவழியாக உருட்டினேன். சாக்லேட்டை வெந்நீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கும்போது ஒரு சொட்டுத் தண்ணீர் தெறித்து, எல்லாம் மணல் மணலாகத் திரிந்துவிட்டது. வேறு உருக்கினேன். அதில் முக்கினால் உருண்டை குச்சியில் நிற்காமல் வழுக்கி விழுகிறது. பிறகுதான் வீடியோவை மறுபடி ஓடவிட்டுப் பார்த்தேன். உருண்டைகளை முதலில் பிரிட்ஜில் வைத்து இறுகவிட வேண்டுமாம்.

பிரேமா பிள்ளையைக் கூட்டிக்கொண்டு தையல்கடைக்குப் போயிருந்தாள். புழுதிக்குப் பயந்து கதவு, சன்னல் எல்லாம் சாத்தித் தாழ்ப்பாள் போட்டிருந்தேன். உருண்டைகளைத் தட்டில் அடுக்கி பிரிட்ஜில் வைத்துவிட்டு, அதற்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தேன், குச்சி நட்டு வைக்கத் தெர்மாகோலில் துளை போட்டபடி. இடத்தை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

தட்டை வெளியே எடுத்தேன். எல்லா உருண்டையிலும் ஒரு குழி.

உருட்டும்போது என் விரல்தான் பட்டிருக்கும் என்று, விரலை வைத்துப் பார்த்தேன். குழி பெரியது. ஒரு பக்கம் சப்பையாகச் சரிந்திருந்தது. சங்கரு, தறியில் மாட்டி நகம் போன கட்டைவிரல் இந்த வீட்டில் வேறு யாருக்கு இருந்தது? அடுக்களைப் பக்கம் வந்தாலே பிசைந்து வைத்த மாவில் ஒரு அமுக்கு அமுக்கிவிட்டுப் போகிறவன் வேறு யார்?

எல்லாவற்றையும் திரும்ப உருட்டினேன். தட்டை உள்ளே வைத்துவிட்டு, பிரிட்ஜ் கதவிலேயே முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டேன். அப்போது வெளியே காற்று நின்றது. ஆடியில் அப்படி நின்று நான் கண்டதில்லை. முதுகுக்குப் பின்னால், கதவுக்கு உள்ளேயிருந்து, ஈர மாவில் விரல் புதைந்து மீள்கிற சின்னச் சத்தம். சற்று விட்டு, இன்னொன்று.

"ஏலே சங்கரு, நீயாலே?" என்றேன்.

சத்தம் நின்றுவிட்டது. பிரேமா வந்து கதவைத் தட்டும்வரை நான் அசையவில்லை.

எழுந்துபோய்த் தாழ்ப்பாளைத் திறந்தேன். அவளே பிரிட்ஜைத் திறந்து தட்டை எடுத்தாள். பார்த்த உடனே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஒரு குழிக்குள் தன் கட்டைவிரலை வைத்து வெகுநேரம் நின்றாள். பிறகு தட்டை முகத்தருகே கொண்டுபோனாள்.

"தறி எண்ண வாசம் அடிக்கி மைனி," என்றாள். "அவியளுக்குப் பிடிக்கலையோ? நான் இந்தக் கல்யாணம் வேண்டாம்னு சொல்லிருதேன். இன்னைக்கே சொல்லிருதேன்."

"ஏட்டி, கோவம்னா அவன் தட்டையே கவுத்திருப்பான். அவன் கோவம் உனக்குத் தெரியாதா? எப்பவும்போல அமுக்கிட்டுப் போயிருக்கான், அவ்வளவுதான்."

அப்படிச் சொன்னேனே தவிர, எனக்கு நிச்சயமில்லை. நீ வந்தது எதற்குடா? வாழ்த்தவா, தடுக்கவா?

பிரேமா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுபடி உருட்ட வேண்டாம் என்றாள். ஒவ்வொரு குழியிலும் உருக்கிய சாக்லேட்டை ஒரு சொட்டு விட்டு, அதிலேயே குச்சியை நட்டாள். ஆறியதும் தலைகீழாக முக்கி எடுத்தோம். ஒன்றுகூட விழவில்லை.

சாயங்காலம் குமரேசன் வந்தார். யாழினி ஓடிப்போய் அவர் கையில் ஒன்றைக் கொடுத்தாள். அவர் கடித்தபோது நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மென்று விழுங்கிவிட்டு, "நல்லாருக்கு, இன்னொண்ணு எடுத்துக்கிடலாமா?" என்று கேட்டார். பிள்ளை சிரித்துக்கொண்டே அவர் மடியில் ஏறி உட்கார்ந்தாள்.

உனக்கென்று ஒரு உருண்டையைக் குச்சி குத்தாமல், அந்தக் குழியோடு, பிரேமா கிண்ணத்தில் எடுத்து வைத்திருந்தாள். மறுநாள் காலையில் இரண்டு பேரும் சேர்ந்துதான் பிரிட்ஜைத் திறந்தோம். உருண்டை இருந்தது. குழி இல்லை. யாரோ உள்ளங்கையில் வைத்துப் பொறுமையாக உருட்டிவிட்டது மாதிரி வழவழவென்று இருந்தது.

பிரேமா அதை எடுத்து, நின்ற இடத்திலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றாள். அழவில்லை.

"போயிட்டாவ மைனி," என்றாள்.

அவளுக்குத் தாயும் தகப்பனும் இல்லை. கல்யாணத்தன்று அவள் பிறந்த வீடாக நான் நிற்பேன், சங்கரு. தாம்பூலத் தட்டை நான்தான் எடுத்துக் கொடுப்பேன். அவளும் பிள்ளையும் சிவகிரி பஸ் ஏறிய பிறகு இந்த வீட்டில் நான் ஒருத்திதான். நீ வந்தால் பயப்படமாட்டேன் என்று பொய் சொல்லத் தெரியவில்லை. பயப்படுவேன். ஆனாலும் கதவைச் சாத்தமாட்டேன். இது சத்தியம்.

உன் கூடப்பிறந்தவள்,
கோமதி அக்கா
சங்கரன்கோவில்