அம்மாவின் கன்ஃபைன்மென்ட் லீவு

செங்காங், சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிவானிக்கு,

இங்கே நானும் அப்பாவும் சுகம். சுகம் என்று சொன்னால் போதாது, இரண்டு பேரும் கால் தரையில் படாமல் திரிகிறோம். கிளாஸ்கோ குளிரில் நீயும் மாப்பிள்ளை ராஜீவும், உன் வயிற்றுக்குள் இருந்துகொண்டு உன்னைத் தூங்கவிடாமல் உதைக்கிற குட்டியும் நோய்நொடி இல்லாமல் இருக்க வீரமாகாளியம்மன் துணை இருப்பாள். போனில் சொல்லலாம் என்றுதான் பார்த்தேன், ஆனால் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ "அம்மா, மீட்டிங் இருக்கு, அப்புறம் கூப்பிடுறேன்" என்பாய், இந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினால் எனக்குத் தலை வெடித்துவிடும், அதனால்தான் எழுதுகிறேன், நீயும் காலை நீட்டி உட்கார்ந்து படி.

அந்த வேலை எனக்குக் கிடைத்துவிட்டது! ஆமாம், அந்த சுவிட்சர்லாந்து மருந்துக் கம்பெனி வேலைதான், ஆசிய வட்டாரம் முழுவதற்கும் தரக்கட்டுப்பாட்டுத் துணைத் தலைவர், தஞ்சோங் பகாரில் ஆபீஸ், என் அறை ஜன்னலில் கப்பல் தெரிகிறது. துவாஸ் தொழிற்சாலையில் என்னிடம் வேலை கற்றுக்கொண்டவர்கள் எல்லாம் என் தலைக்கு மேலே ஏறிப் போனபோது சிரித்த முகத்தோடு கேக் வெட்டியவள் நான், இந்தத் தடவை கேக் எனக்கு. கான்ட்ராக்ட் தலையணை கனத்தில் வந்தது, அப்பா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்துக்கொண்டு பரீட்சைக்குப் படிப்பது மாதிரி படித்தார். முதல் பக்கத்திலேயே முத்தாயி ரமணன் இனி 'எக்சிகியூட்டிவ்' என்று குறிப்பிடப்படுவார் என்று போட்டிருக்கிறது, அன்றிலிருந்து அவர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதே இல்லை, "எக்சிகியூட்டிவ், காப்பி போடவா", "எக்சிகியூட்டிவ், துணி காயுது, மழை வருது" என்று ஒரே அட்டகாசம். அதில் கார்டன் லீவு என்று ஒன்று வருகிறது, நான் வேலையை விட்டால் உடனே போட்டிக் கம்பெனிக்கு ஓடிவிடாமல் சம்பளத்தோடு சில மாதம் வீட்டிலேயே உட்காரவைப்பார்களாம். அப்பா பாதி படித்துவிட்டுக் கீழ்வீட்டு அப்துல் அலீம் அண்ணனிடம் என் பெண்டாட்டிக்குத் தோட்டம் போடவே கம்பெனி லீவு கொடுக்கிறது என்று பெருமை அடித்துவிட்டார், அவர் பாவம், மறுநாளே ஒரு கறிவேப்பிலைக் கன்றும் ஒரு மூட்டை மண்ணும் கொண்டுவந்து நம் வாசலில் வைத்துவிட்டுப் போனார். கன்று நன்றாகத் துளிர்க்கிறது.

சம்பளம், போனஸ், கார் எதற்கும் நான் பேரம் பேசவில்லை, ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். நான் வேலையில் சேர வேண்டிய மாதமும் உனக்கு டாக்டர் சொன்ன மாதமும் ஒன்றாக வந்து நிற்கிறது. நீ அன்றைக்கு "நீங்க வர வேணாம்மா, இங்க மிட்வைஃப் எல்லாம் வீட்டுக்கே வருவாங்க, நீங்க புது வேலையப் பாருங்க" என்று சொன்னபோது நானும் சரி சரி என்று தலையாட்டினேன், ஆனால் மனசு கேட்க வேண்டாமா, தலைப்பிரசவத்துக்குப் பெற்றவள் பக்கத்தில் இல்லாமல் நான் இங்கே கப்பல் பார்த்துக்கொண்டு இருப்பேனா? எனக்கு ஒரு மாதம் கன்ஃபைன்மென்ட் லீவு வேண்டும், அதைக் கான்ட்ராக்டிலேயே சேருங்கள் என்று எழுதி அனுப்பினேன். நம் சிங்கப்பூரில் கன்ஃபைன்மென்ட் என்றால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், பிள்ளை பெற்றவள் வெளியே போகாமல் பத்தியச் சாப்பாடு சாப்பிட்டு ஓய்வெடுக்கிற மாதம், சீனர் வீட்டிலும் மலாய்க்காரர் வீட்டிலும் அதே வழக்கம்தான். ஆனால் என் கடிதம் போனது ஜெனீவாவில் இருக்கிற கம்பெனி வக்கீலுக்கு. ஒரு வாரம் சத்தமே இல்லை. அப்புறம் இங்கே மனிதவளப் பிரிவைப் பார்க்கிற முனீரா கூப்பிட்டாள், குரலைத் தாழ்த்திக்கொண்டு "முத்தாயிக்கா, தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல ஏதும் கேஸ் கீஸ் இருக்கா" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர்கள் பக்கம் கன்ஃபைன்மென்ட் என்றால் ஆளை உள்ளே தள்ளிப் பூட்டுவதாம், "நீங்க ஜெயிலுக்குப் போறதுக்கு லீவு கேக்குறீங்கன்னு வக்கீல் நெனச்சுட்டாரு லா" என்று அவளே சிரித்துவிட்டாள். எங்கள் தொழிலில் கெட்ட மருந்து வெளியே போனால் தரம் சரி என்று கையெழுத்துப் போட்டவர்தான் பதில் சொல்ல வேண்டும், அதனால் அந்த மனுஷர் நம்பியே விட்டார், என்ன மருந்தில் என்ன தப்பு நடந்தது என்று விசாரிக்கக்கூட ஆரம்பித்திருக்கிறார். நான் எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தேன், பக்கத்தில் இருந்த அம்மாள் பையை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

இதோடு முடிந்ததா என்றால் இல்லை. முனீரா அவருக்கு இது ஜெயில் இல்லை, பிரசவ விஷயம் என்று விளக்கி எழுத, அடுத்த நாள் அவரிடமிருந்து எனக்கு ஒரு மின்னஞ்சல், மனமார்ந்த வாழ்த்துகள், இதோடு மகப்பேறு விதிமுறைகளை இணைத்திருக்கிறேன், வசதிப்பட்டபோது டாக்டர் சான்றிதழ் அனுப்புங்கள் என்று! ஐம்பத்தேழு வயசில் எனக்கு! அப்பா அதைப் படித்துவிட்டு "எனக்கும் ஒரு வாழ்த்து அனுப்பச் சொல்லு" என்றார், அன்றைக்குப் பூராவும் கண்ணாடியில் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டு ஒரு நடை நடந்தார் பார், நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்.

கடைசியில் அந்த வக்கீலோடு வீடியோவில் நேருக்கு நேர் பேசி, பிள்ளை பெறப்போவது நான் இல்லை, என் மகள் என்று விளக்கினேன். மரியாதையான ஆள்தான், ஆனால் கேட்டார், பிரசவம் உங்கள் மகளுக்கு, அங்கே மருத்துவமனை இருக்கிறது, கணவர் இருக்கிறார், நீங்கள் எதற்கு என்று. இவ்வளவு பெரிய பதவியில் சேர்ந்தவுடன் ஒரு மாதம் காணாமல் போவது வழக்கமில்லை, அடுத்த வருடம் எடுத்துக்கொள்ளலாமே என்றார். இந்த நாற்காலிக்கு எத்தனை காலம் காத்திருந்தேன் என்று உனக்குத் தெரியும் சிவானி. இருந்தாலும் வாய் சொல்லிவிட்டது, இது இல்லையென்றால் நான் கையெழுத்துப் போடவில்லை என்று. சொன்ன பிறகுதான் பயமே வந்தது. முனீரா திரையில் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு, சரி, எந்தத் தேதியிலிருந்து என்றார். பிள்ளை நாள் பார்த்தா வரும் என்றேன் நான், தேதி இல்லாமல் ஷரத்து எழுத முடியாது என்றார் அவர், இப்படியே இழுத்து இழுத்து கடைசியில் அவரே ஒரு வழி சொன்னார். எக்சிகியூட்டிவின் மகள் எழுத்தில் அழைக்கும் நாளில் இந்த லீவு தொடங்கும், அது முடியும்வரை கம்பெனி அவரை எந்த வேலைக்காகவும் தொடர்புகொள்ளாது. எப்படி! கையெழுத்து கணினியில்தான், வெள்ளிக்கிழமை ராகு காலம் முடிகிறவரை அப்பா மௌஸை மடியில் வைத்துக்கொண்டு தரவே இல்லை, அதற்குள் கையெழுத்துப் பக்கம் காலாவதியாகி, முனீராவிடம் அசடு வழிந்து இன்னொரு தடவை அனுப்பச் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன்.

நேற்று அந்தச் சந்தோஷத்தில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் உனக்குப் பிரசவ லேகியம், சுக்கு, பூண்டு என்று பை நிறைய வாங்கினேன். பழக்க தோஷம், லேகியப் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்து பேட்ச் நம்பர் எங்கே என்று கேட்டேன், கடைக்காரர் "காலைலதாங்க கிண்டினோம், இன்னும் சூடே ஆறல" என்றார். லேபிளில் ஒரு எழுத்து மங்கினாலும் லாரியைத் திருப்பி அனுப்புகிறவள், வாயை மூடிக்கொண்டு இரண்டு பாட்டில் வாங்கி வந்தேன். பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு வரும்போதுதான் எனக்கு உறைத்தது. ஜெனீவா வரைக்கும் மல்லுக்கட்டி எல்லாரிடமும் சம்மதம் வாங்கினேன், உன்னிடம் மட்டும் கேட்கவே இல்லை. நீ வர வேண்டாம் என்று சொன்னது என் வேலையை நினைத்தா, இல்லை உனக்கே நீயும் மாப்பிள்ளையுமாக இருக்கத்தான் பிடிக்குமா, எனக்குத் தெரியவில்லை. வேலையை நினைத்து என்றால் அந்தக் கவலை ஒழிந்தது. இல்லை, உனக்கே வேண்டாம் என்றால் கூசாமல் சொல், ஒரு நாள் அழுவேன், மறுநாள் ஆபீஸ் போவேன், லேகியத்தை அப்பா தின்று தீர்ப்பார். உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இருக்காது.

இரும்புச்சத்து மாத்திரையை டீயோடு விழுங்காதே, சத்து உடம்பில் ஒட்டாது. படிக்கட்டில் கைப்பிடியைப் பிடித்து இறங்கு. மாப்பிள்ளைக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடு, அது அவசரத்துக்கு உதவும். தாய் வேறு பிள்ளை வேறாக நல்லபடியாகப் பிரிந்து, நீ என் கண்ணே, தீர்க்காயுசாக நிறைவாக இரு. அப்பாவும் ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார்.

மறந்துவிடாதே, ஷரத்தில் எழுதியிருப்பது மகள் அழைத்தால் என்றுதான், அம்மா ஆசைப்பட்டால் என்று இல்லை. முனீராவிடம் கேட்டேன், வாட்ஸ்அப் போதுமாம், தமிழில் இருந்தாலும் செல்லுமாம். உனக்கு நான் வேண்டுமென்றால் "அம்மா, வாங்க" என்று மட்டும் அனுப்பு.

உன் பதிலுக்காகப் போனைக் கையிலேயே வைத்திருக்கும்
அம்மா,
முத்தாயி ரமணன்