உன் பெயர் இரண்டு இடத்தில் இருக்கிறது

என் அன்புச் சாராளுக்கு,

முதலில் மன்னித்துவிடு. பேரணாம்பட்டில் ஒரே தெருவில் பிறந்து, வேலூர் பள்ளி விடுதியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்த நமக்குள் கடிதத்துக்கு அவசியமே வந்ததில்லை. இப்போது எழுதுகிறேன், அதுவும் பதில் போட முடியாத இடத்துக்கு நீ போன பிறகு. போதாக்குறைக்கு இது நாலு பேர் படிக்கப்போகிற கடிதம். பரிசளிப்பு விழா மலருக்கு உன்னைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தரும்படி பெரிய டீச்சர் கேட்டார்கள். "சாராள் நற்குணங்களின் உறைவிடம்" என்று எழுதிவிட்டு, அதற்கு மேல் பேனா ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். உன்னைப் பற்றி மற்றவர்களிடம் சொல்லத் தொடங்கினால் பொய்யாகிவிடுகிறது. உன்னிடமே சொல்லிப் பார்க்கிறேன். இதை மலரில் போடுவார்களோ கிழிப்பார்களோ, அது அவர்கள் பாடு.

சேதிகள் நிறைய இருக்கின்றன. பள்ளிக்குப் புதுக் கூடம் எழும்பிவிட்டது. மழை பெய்தால் ஒழுகுமே பழைய கூடம், அதில் இப்போது விறகு அடுக்குகிறார்கள். நான் பி.ஏ. தேறிவிட்டேன். நம் பள்ளியிலேயே வேலை. நாலாம் பாரத்துப் பெண்களுக்குச் சரித்திரம் சொல்லித் தருகிறேன். என் குரல் கடைசி பெஞ்சு வரை போவதில்லை. "டீச்சர், கேக்கல" என்கிறார்கள். உனக்குக் கேட்டிருந்தால் சிரித்திருப்பாய்.

பட்டம் வாங்கிக்கொண்டு நான் ஊருக்கு வந்த அன்று எங்கள் வீட்டு வாசலில் தெருவே கூடியது. தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நிற்கிற ஒரு மனிதரின் மகள் பி.ஏ. என்றால் சும்மாவா? அப்பா எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்தார். கொடுத்துக்கொண்டே சொன்னார், "சாராளு மட்டும் இருந்திருந்தா இந்நேரம் டாக்டரம்மாவாயிருக்கும்." எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். என் வாயிலிருந்த கல்கண்டு கரையவே இல்லை, சாராள். என் சொந்த அப்பா. என் சொந்தப் பட்டம்.

இதைப் படிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. எனக்கு உன் மேல் பொறாமை. அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கிறது. இறந்தவர்கள் மேல் பொறாமைப்படக் கூடாது என்று எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?

பள்ளித் தலைவியை டீச்சர்மார்தான் நியமிப்பார்கள் என்பது அன்றைய வழக்கம். நீதான் எழுந்து நின்று, "எங்களுக்கு வேண்டியவளை நாங்களே தேர்ந்தெடுக்கக் கூடாதா?" என்று கேட்டாய். சின்னப் பெண்களுக்குச் சீட்டு எழுத வராதே என்றார்கள். மறுவாரமே ஷாப்பிலிருந்து உன் அப்பாவிடம் சொல்லி ஒரு கோணிக் கடுக்காய் வரவழைத்தாய். தோலுக்குப் போடுகிற கடுக்காய்! ஒரு பழம்புடவையைத் திரையாகக் கட்டி, அதன் பின்னால் போட்டிக்கு நிற்கிற ஆளுக்கொரு சட்டி வைத்து, ஒவ்வொருத்தியாகப் போய்த் தனக்குப் பிடித்தவள் சட்டியில் ஒரு கடுக்காய் போட்டுவிட்டு வர வேண்டும். இன்றும் அப்படித்தான் நடக்கிறது. இந்த வருடம் மாதனூர்ப் பெண் ஒருத்தி தலைவி. சட்டியில் கடுக்காய் விழுகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் யாராவது ஒரு டீச்சர், "இது சாராள் கொண்டு வந்த ஏற்பாடு" என்று சொல்லிவிடுகிறார்கள்.

அந்த முதல் தேர்தலில் உனக்கு எதிராக என்னை நிற்க வைத்தார்கள். உன் சட்டி நிரம்பி வழிந்தது. என் சட்டியில் விழுந்தவை ஒரு கைக்குள் அடங்கிவிட்டன. அன்று இரவு பாயில் புரண்டு படுத்து, நீ என் காதில் சொன்னாய்:

"அழாதடி மரகதம். என் கடுக்காயும் உன் சட்டியிலதான் கெடக்குது."

ஆறுதலாகத்தான் சொன்னாய். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. எனக்கு விழுந்த கொஞ்சத்திலும் ஒன்றை நீ கொடுத்ததாக ஆக்கிவிட்டாயே.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப்பாட்டு வரிசையில் நம் பக்கத்தில் உட்கார மாட்டோம் என்று டவுன் பெண்கள் சிலர் மூக்கைப் பொத்தினார்கள். ஷாப்புத் தெருப் பெண்கள் மேல் நாற்றம் வருகிறதாம். நீ தலைவியின் சிவப்புப் பட்டையைத் தோளில் சரிசெய்துகொண்டு எழுந்தாய்.

"நாத்தமா? உங்கப்பா கால்ல போட்டுகினு வர்ற செருப்பு இன்னா மல்லிப்பூவுலயா தெச்சாங்க?"

கூடமே சிரித்தது. மூக்கைப் பொத்தியவளும் சிரித்துவிட்டாள். அடுத்த வாரம் அவளே உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஆனால் சாராள், அதே பதில் அதற்கு முன்னால் பல நாளாக என் தொண்டையில் இருந்தது. எனக்கு வெளியே வரவில்லை. உனக்கு வந்தது. இன்றைக்கும் பள்ளியில் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். உன் வாக்கு என்று.

வகுப்பிலும் நீ முதல், நான் இரண்டாவது. என்றாவது ஒரு நாள் முந்திவிடலாம் என்று விடியுமுன் எழுந்து குழாயடியில் உட்கார்ந்து படித்தேன். நீயோ மணி அடித்த பிறகு எழுந்து, சோம்பல் முறித்துக்கொண்டு, "எந்தப் பாடம்டி இன்னிக்கு?" என்று கேட்பாய்.

பிறகு அந்த விஷக்காய்ச்சல். எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சைக்குக் கொஞ்ச நாள் இருக்கும்போது உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். நான் உன் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் வாசித்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ கண்ணை மூடிக்கொண்டே என் தப்பைத் திருத்தினாய். அதற்குப் பிறகு திருத்த நீ இல்லை.

பரீட்சை மண்டபத்தில் உன் இடம் காலியாக இருந்தது. எனக்குப் பக்கத்து இடம்தான். நான் எழுதினேன். எப்படி எழுதினேன் என்று தெரியாது. முடிவு வந்தபோது பள்ளியில் நான் முதல்.

இனிமேல் நான் சொல்வதுதான் இந்தக் கடிதத்தின் சங்கதி.

கூடத்துச் சுவரில் தேக்குப் பலகை ஒன்று உண்டே. ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு வரி. இடது பக்கம் பள்ளித் தலைவியின் பெயர். வலது பக்கம் எஸ்.எஸ்.எல்.சி.யில் முதலாக வந்தவளின் பெயர். அந்த வருடப் பரிசளிப்பு விழாவில் பலகையை மூடியிருந்த துணியை விலக்கினார்கள். இடது பக்கம் சாராள். வலது பக்கமும் சாராள். துக்கத்தில், ஆசையில், யாரோ ஒருவருக்குத் தோன்றி, எல்லோரும் சரி என்று சொல்லிச் செய்துவிட்டார்கள். கூடம் முழுக்க அழுதது. நானும் அழுதேன். "பாவம், உயிர்த் தோழி" என்று என் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். உனக்காக எவ்வளவு அழுதேன், எனக்காக எவ்வளவு அழுதேன் என்று எனக்கே பிரிக்கத் தெரியவில்லை. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்னை என்னவென்று நினைத்திருப்பார்கள்?

உயிரோடு இருந்திருந்தால் என்றாவது ஒரு பரீட்சையில் நீ தவறியிருப்பாய், நான் உன்னைத் தாண்டியிருப்பேன். அல்லது நீ எங்கோ உயரப் போயிருப்பாய், நானும் வாழ்த்திவிட்டு என் வேலையைப் பார்த்திருப்பேன். இப்போது இரண்டுக்கும் வழியில்லை. பரீட்சையே எழுதாமல் நீ முதலாக நிற்கிறாய்.

உன் அம்மா ஒவ்வொரு விழாவுக்கும் பேரணாம்பட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுகிறார்கள். எழுத்துத் தெரியாது. யாரோ ஒரு முறை காட்டிக் கொடுத்திருக்கிறார்கள், அந்த வரியை மட்டும் தெரியும். நேரே பலகைக்குப் போய், எட்டி, இடது பக்கத்தைத் தொட்டு, விரலை உதட்டில் வைத்து முத்திக்கொள்வார்கள். பிறகு வலது பக்கத்தை. அதற்குப் பிறகுதான் பெஞ்சில் உட்காருவார்கள்.

இப்போது புதுக் கூடத்துக்காகப் பலகையைச் சுரண்டி எல்லாப் பெயர்களையும் மறுபடி எழுதப்போகிறார்கள். பெரிய டீச்சர் நாம் படித்த காலத்துக்குப் பிறகு வந்தவர்கள். போன வாரம் பலகை முன் நின்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"ஏம்மா மரகதம், இந்த வருஷத்துல மொத மார்க்கு நீதானே? இங்க ஏன் அந்தப் பொண்ணு பேரே ரெண்டு தடவை இருக்குது?"

காரணத்தைச் சொன்னேன்.

"உனக்கு உன் பேரு வர்றதுல இஷ்டமா இல்லையா? அதைச் சொல்லு."

என் வாழ்க்கையில் முதல் முறையாகக் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரலில், "இஷ்டம் டீச்சர்" என்றேன்.

"அப்போ அந்தப் பொண்ணோட அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வந்துடு. அவங்க சரின்னா மாத்திடலாம். அவங்க மனசு நோக நான் செய்ய மாட்டேன். பெயிண்டர் வர்ற திங்க இல்ல, அதுக்கடுத்த திங்கக்கிழமை வர்றான்."

சனிக்கிழமை ஊருக்குப் போனேன். உன் அம்மா ஷாப்பு முற்றத்தில் நாலைந்து பெண்களோடு தோல் பதனிட ஆவாரம்பட்டை இடித்துக்கொண்டிருந்தார்கள். உடம்பெல்லாம் பட்டைத் தூள்.

"வா டீச்சரு! இன்னா, பள்ளிக்கூடத்துல சம்பளம் கம்மின்னு பட்டை இடிக்க வந்துட்டியா?"

சிரித்தார்கள். நான் பலகை என்று ஆரம்பித்ததுமே உன் அம்மாவுக்கு முகம் மலர்ந்தது.

"கேள்விப்பட்டேன், கேள்விப்பட்டேன். எம் பொண்ணு பேரை நல்லா பெருசா எழுதச் சொல்லு. ரெண்டு எடத்துலயும்."

"அந்த ரெண்டாவது எடம், அத்தே... அது பரீட்சையில மொதலா வந்தவங்க பேரு எழுதற எடம். அவ பரீட்சை எழுதல இல்ல."

உலக்கை நின்றது.

"எழுதியிருந்தா எம் பொண்ணுதானே மொதலு?"

"ஆமா அத்தே."

"அப்புறம் இன்னா?"

"எழுதினது நானு. வந்ததும் நான்தான்."

உன் அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார்கள். மற்ற பெண்கள் இடிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் மெதுவாக இடித்தார்கள்.

"பட்டணம் போய் கருப்பு அங்கி போட்டு போட்டோ புடிச்சிகினு வந்த. உத்தியோகம் இருக்குது. நாளைக்குப் புருஷன், புள்ள, எல்லாம் வரும். அவளுக்கு அந்த ரெண்டு எடம் உட்டா வேற இன்னாடி இருக்குது? அதுல ஒண்ணைப் புடுங்க வந்தியா?"

"புடுங்கல அத்தே. என்னுது அது."

எப்படிச் சொன்னேனோ தெரியாது. சொல்லிவிட்டேன். உன் அம்மா உலக்கையைச் சுவரில் சாத்திவிட்டு ஷாப்புக் கொட்டகைக்குள் போய்விட்டார்கள். கிளம்பலாமா என்று நான் திரும்பியபோது, உள்ளேயிருந்து அதட்டல் வந்தது:

"எங்க போற? கூழு கரைச்சி எடுத்தாந்திருக்கேன். குடிச்சிட்டுப் போய்த் தொலை. மூஞ்சைப் பாரு, காஞ்சி கெடக்குது."

குடித்தேன். ஊறவைத்த மிளகாயும் வைத்தார்கள். நான் கிளம்பும்போதுகூட உன் அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

ஒரு குறுக்கு வழி இருப்பது எனக்கும் தெரியும். உன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. வலது பக்கத்தில் என் பெயரை எழுதிவிட்டால், நீ என்று நினைத்து அதைத் தொட்டு முத்திக்கொள்வார்கள். யாருக்கும் நோகாது. ஆனால் அப்போதும் அந்த முத்தம் உனக்குத்தானே? என் பெயர் மேலேயே நீ வந்து உட்கார்ந்துகொள்வாய். வேண்டாம். எனக்குக் கிடைத்தால் எனக்கென்று தெரிந்தே கிடைக்கட்டும்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இடது பக்கத்தில் உன் பெயரை ஒருவரும் தொடாமல் நான் பார்த்துக்கொள்கிறேன். நான் இந்தப் பள்ளியில் இருக்கிற வரை, ஒவ்வொரு விழாவுக்கும் உன் அம்மாவை பஸ் நிற்கிற இடத்திலிருந்து நானே கையைப் பிடித்து அழைத்து வருவேன். அவர்கள் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாலும் சரி. வலது பக்கத்தில் இருப்பது யார் பெயர் என்று என் வாயாலேயே சொல்வேன். அதையும் தொடுவதா வேண்டாமா என்பது அவர்கள் இஷ்டம்.

திங்கட்கிழமைக்கு இன்னும் நாலு நாள். பெரிய டீச்சர் தினமும் என் முகத்தைப் பார்க்கிறார்கள்.

கேட்க வந்ததை இவ்வளவு நேரம் கேட்காமல் வைத்திருக்கிறேன். நீ அடிக்கடி உன் அம்மாவின் கனவில் வருகிறாயாம். தலை வாரிவிடச் சொல்வாயாம், பசிக்கிறது என்பாயாம். தெருவே சொல்கிறது. என் கனவில் நீ ஒரு நாளும் வந்ததில்லை. அதிலும் எனக்குப் பொறாமைதான், இருக்கட்டும். என்னிடம் வர வேண்டாம். இந்தத் திங்கட்கிழமைக்குள் ஒரு ராத்திரி உன் அம்மாவிடம் போ. தலை வாரிக்கொள், சாப்பிடு. எழுந்து வரும்போது, "அம்மா, அந்த எடம் மரகதத்துது" என்று உன் வாயால் ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டு வா.

உன் கூடப் பிறக்காத தங்கை,
மரகதம்