சிம்னிக்குக் கீழே வைத்த பேசின்

கண்ணு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நல்லபடியாக இருக்கிறோம். நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொண்டே ஆரம்பிக்கிறேன், அப்படி நினைக்காவிட்டால் எனக்கு எழுத்து ஓடாது. போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு என் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்துகொள்கிறார், நான் வாயைத் திறப்பதற்குள் எல்லாவற்றுக்கும் அவரே பதில் சொல்லிவிடுகிறார். அவர் காதில் விழாமல் உன்னிடம் சொல்ல வேண்டிய சமாசாரம் ஒன்று இருக்கிறது. அதனால்தான் கடையில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், தார்ப்பாய் வெட்டுகிற மேஜை மேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். எண்ணெய்க் கறை பட்டிருந்தால் அது தையல் மிஷினுடையது, முகம் சுளிக்காதே.

உன் அத்தைக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டுப் பிரித்ததும் முதல் வேலையாக என்னைப் பார்த்து, நீ இவ்வளவு நரைச்சுட்டியா என்று கேட்டார், இதற்காகவா இத்தனை பேர் ஆஸ்பத்திரிக்கு அலைந்தோம் என்று ஆகிவிட்டது எனக்கு. கடல் காற்று வழக்கம்போல உப்பை வாரிக் கொண்டுவந்து வீட்டில் கொட்டுகிறது. வாசல் கதவுக்குப் புதுக் கீல் போட்டோம், அதற்குள் அதுவும் பழுப்பேறிவிட்டது. என் கத்தரிக்கோலை எண்ணெய்த் துணியில் சுற்றித்தான் வைக்கிறேன். நீ அங்கே தலை ஈரத்தோடு வேலைக்கு ஓடாதே, ஒருநாள் தாமதமாகப் போனால் ஆஸ்பத்திரி ஒன்றும் இடிந்து விழாது.

இனி சிம்னி விஷயத்துக்கு வருகிறேன். போன தடவை நீ வந்தபோது முன்னறையில், நாம் குளிருக்கு நெருப்பு மூட்டிய கணப்புக்கு மேலே, சுவரில் ஒரு தட்டு அளவுக்கு ஈரக்கறை இருந்ததே, நினைவிருக்கிறதா. அப்பா உடனே ஏணியைத் தேடினார், நீ அவர் கையைப் பிடித்து, அப்பா நீங்க மேல ஏறவே கூடாது, அடுத்த தடவை வரும்போது நானே ஆள் கூட்டிட்டு வந்து பக்கத்துல நின்னு சரி பண்ண வைக்கிறேன் என்றாய். சொல்லிவிட்டு நீ ரயில் ஏறிவிட்டாய். உன் அப்பா அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நம் கடற்கரைத் தெருவில் இப்போது சிம்னி வேலைக்கு ஒரு கொத்தனார் வந்திருக்கிறார், எந்நேரமும் யாராவது ஒருத்தர் வீட்டுக் கூரை மேலேயே இருப்பதால் அவருக்கு மேல்வீட்டுக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. நல்ல வேலைக்காரர். அவர் பைக்கை நிறுத்தி நம் சிம்னியை அண்ணாந்து பார்த்தால் போதும், அப்பா வாசலை அடைத்துக்கொண்டு நின்று, என் பொண்ணு வந்து பாத்துக்குவா என்று சொல்லி அனுப்பிவிடுவார். முதலில் உனக்கு வார்டு மாற்றினார்கள், பிறகு பரீட்சை வந்தது, பிறகு லீவு கிடைக்கவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை கண்ணு, உன் வேலை எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியாதா. ஆனால் மழைக்கு உன் லீவு கணக்கெல்லாம் தெரியாது, அது பாட்டுக்கு வந்துகொண்டே இருந்தது.

கணப்புக்குள் சொட்ட ஆரம்பித்ததும் அந்தப் பச்சை பேசினைக் கொண்டுவந்து வைத்தோம், சின்ன வயதில் உன்னை உட்கார வைத்துக் குளிப்பாட்டினால் எழுந்திருக்க மாட்டேன் என்று அடம் பிடிப்பாயே, அதேதான், விளிம்பு மட்டும் உடைந்துவிட்டது. நீ போனில் சிம்னி எப்படிப்பா இருக்கு என்று கேட்பாய். லேசா கசியுது, அவசரம் ஒண்ணும் இல்ல, நீ வரும்போது பாத்துக்கலாம் என்பார். சொட்டுகிற சத்தம் உனக்குக் கேட்டுவிடக் கூடாது என்று பேசினுக்குள் ஒரு பழைய துண்டைப் போட்டு வைத்திருப்பார். அவசரம் இல்லை என்று வாய் சொல்லும், நிரம்பிய பேசினைக் கால் நகர்த்திக்கொண்டிருக்கும். எனக்குச் சிரிப்பதா திட்டுவதா என்றே தெரியாது.

அதற்குப் பிறகுதான் ஈரம் உன் அறைப் பக்கம் எட்டிப் பார்த்தது. சிம்னி முன்னறைக்கும் உன் அறைக்கும் நடுவில்தானே ஏறுகிறது, குளிர் காலத்தில் நீ அந்தச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு பூனை மாதிரி தூங்குவாய். அந்த இடம்தான் கையை வைத்தால் சில்லென்று இருந்தது. மழை இல்லாத நாளிலும் சுவர் வியர்த்தது. அப்பா தொட்டுப் பார்த்துவிட்டு உன் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டார். இரண்டு நாள் கழித்து என் கடைக்கே வந்து ஒரு அளவைக் கொடுத்து, இதுக்கு ஒரு தார்ப்பாய் உறை தைச்சுக் குடு, படகு எஞ்சினுக்கு என்றார். இத்தனை வருஷம் எஞ்சின் மெக்கானிக்காக இருந்தவர் சொல்கிறார் என்று நானும் நம்பி, நீலத் தார்ப்பாயில் இரட்டைத் தையல் போட்டு, நான்கு மூலையிலும் கயிற்றுக்கு வளையம் அடித்துக் கொடுத்தேன். அடுத்த நாள் வேலை முடிந்து தெருமுனையில் திரும்பும்போது பார்க்கிறேன், என் தையல் நம் கூரை மேல் படபடத்துக்கொண்டிருக்கிறது. ஏணிக்குக் கீழே அவருடைய செருப்பு ஜோடியாக, கோயில் வாசலில் விடுவதுபோல ஒழுங்காக இருக்கிறது. அவர் ஏணியின் பாதியில் நின்றுகொண்டு, அந்தப் பழைய முழங்கால் வலியில் கால் மடங்காமல், மேலேயும் போக முடியாமல் கீழேயும் வர முடியாமல், கடலை வேடிக்கை பார்ப்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டிருக்கிறார்.

பயப்படாதே, ஒன்றும் ஆகவில்லை. நான் போட்ட கூச்சலில் மேல்வீட்டுக்காரர் எதிர் வீட்டுக் கூரையிலிருந்து இறங்கி ஓடி வந்து, அப்பாவின் பாதத்தை ஒவ்வொன்றாகப் பிடித்து ஒவ்வொரு படியாக வைத்து இறக்கிவிட்டார். அடுப்படியில் உட்கார வைத்து முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொண்டே வாய் ஓயாமல் திட்டினேன். ஊரெல்லாம் ஆள் வைத்துச் சரி செய்கிறார்கள், உங்களுக்கு மட்டும் என்ன கேடு, அவள் ஒரு வார்த்தை சொன்னாள் என்பதற்காக வீடு முழுக்க ஊறிப்போக வேண்டுமா என்று கேட்டேன். அவர் தைல பாட்டில் மூடியைத் திருகி மூடினார். பிறகு, சரி பண்ணிட்டா அப்புறம் அவ எதுக்கு வருவா என்றார். திட்ட வந்தவள் அவர் காலைப் பிடித்தபடியே அழுதுவிட்டேன். இத்தனை நாளும் அந்த ஒழுகலை அவர் உனக்காகப் பத்திரமாக வைத்திருந்தார்.

மறுநாள் காலையிலேயே மேல்வீட்டுக்காரரை நான்தான் வரச் சொன்னேன். அப்பா தடுக்கவில்லை, வாசலில் நாற்காலியைப் போட்டு நொண்டிக் காலை நீட்டிக்கொண்டு மேலேயே பார்த்துக்கொண்டிருந்தார். தார்ப்பாயை அவிழ்த்துச் சிம்னி உச்சியைப் பார்த்ததும் மேல்வீட்டுக்காரர் சிரித்துவிட்டார். நீ வேலைக்குப் போன வருஷம் நாங்கள் கணப்பு மூட்டுவதை நிறுத்திவிட்டோம் அல்லவா, குளிருது குளிருது என்று சொல்ல நீ இல்லை, எங்கள் இரண்டு பேருக்கு அடுப்படியே போதும் என்று. சும்மா கிடக்கும் சிம்னிக்குள் மழை எதற்கு என்று அப்போதே அப்பா ஏறி, தகர மூடி போட்டு, போல்ட் முடுக்கி, சுற்றிலும் எஞ்சினுக்குத் தடவுகிற பசையைத் தடவி, அதற்கு மேல் தாரும் பூசி வைத்திருந்தார். எஞ்சினில் எங்கே ஒழுகினாலும் இறுக்கி அடைத்துத்தானே அவருக்குப் பழக்கம். மேல்வீட்டுக்காரர் மேலே இருந்தே சத்தமாக, ஐயா இது எஞ்சின் இல்ல, இது மூச்சு விடணும் என்றார். கணப்பு எரிஞ்ச வரைக்கும் சூட்டுல உள்ள காஞ்சுக்கிட்டே இருந்துச்சு, நெருப்பையும் நிறுத்திட்டு வாயையும் மூடிட்டீங்க, உள்ள போன ஈரம் வேற எங்க போகும், சுவருக்குத்தான் வரும் என்றார். ஈரம் உள்ளே போன வழியையும் காட்டினார். கூரையும் சிம்னியும் சேரும் இடத்தில் மடித்து வைத்திருக்கும் தகடு கடல் பக்கம் உப்பரித்துச் சல்லடையாகியிருந்தது, செங்கல் இடுக்கில் விரலை விட்டால் கலவை மாவாக உதிர்ந்தது. மழை காற்றோடு சாய்ந்து அடிக்கும்போது நேராக அதில்தான் நுழைந்திருக்கிறது. தாரைச் சுரண்டி எடுத்து, புதுத் தகடு செருகி, இடுக்கெல்லாம் சுண்ணாம்புக் கலவை வைத்து அடைத்தார். உச்சியில் மழை விழாமல், ஆனால் நாலா பக்கமும் காற்று போய்வருகிற மாதிரி ஒரு குடை போட்டார். கலவை நன்றாக இறுகிய பிறகு தினமும் சின்னதாக நெருப்பு போடுங்க, ஒரேயடியா சூடு ஏத்தாதீங்க, சுவர் மெதுவாத்தான் காயும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதல் நெருப்பை அப்பாதான் போட்டார். போட்டுவிட்டு நொண்டிக்கொண்டே தெருவுக்குப் போய், நம் வீட்டுச் சிம்னியிலிருந்து புகை வருவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். போகிற வருகிறவர்கள், பொண்ணு வந்திருக்காளா என்று கேட்டார்களாம். உள்ளே வந்து உன் அறைச் சுவரில் கையை வைத்து வைத்துப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து நான் போய்ப் பார்த்தால், தரையில் உட்கார்ந்து, அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தூங்கிப்போயிருக்கிறார். உன் போர்வையை எடுத்துப் போர்த்திவிட்டேன். எனக்கும் அந்தச் சுவரை விட்டுப் போக மனம் வரவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் நீ இல்லாதது அன்றைக்குத் தெரிந்த மாதிரி என்றைக்கும் தெரிந்ததில்லை.

இதுவரை சொன்னதை அவரே உன்னிடம் ஒருநாள் சொல்லிவிடுவார். அவர் சொல்லாதது இனிமேல்தான். போன ஞாயிற்றுக்கிழமை நீ வீடியோவில் கூப்பிட்டபோது, பாத்தியா எவ்வளவு தண்ணி என்று பேசினைக் காட்டினாரே, அது மழைத் தண்ணீர் இல்லை கண்ணு. நம் சிம்னியில் இப்போது ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை. நீ கூப்பிடுகிற நேரம் தெரிந்து, அன்றைக்குக் கணப்பை மூட்டவே விடாமல், சாம்பலை வாரி, குழாயில் தண்ணீர் பிடித்துக் கொண்டுவந்து அவரே வைத்தது. துண்டைக்கூட மறக்காமல் நனைத்துப் போட்டிருந்தார். நீ பார்த்துவிட்டு, ஐயோ இவ்வளவு ஒழுகுதா, எனக்காகக் காத்திருக்காதீங்கப்பா, யாரையாவது வெச்சு உடனே சரி பண்ணிடுங்க என்றாய். நீ நல்லதைத்தான் சொன்னாய். அவர் சரிம்மா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டு, அந்தப் பேசினையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் அதை எடுத்துக் கொட்டப் போனேன், இருக்கட்டும் விடு என்றார்.

அதனால் அடுத்த முறை அவர் ஒழுகுகிறது என்று சொன்னால் ஆள் வைக்கச் சொல்லாதே. உனக்கு எல்லாம் தெரியும் என்றும் காட்டிக்கொள்ளாதே. இருங்கப்பா, நான் வந்து பாக்கிறேன் என்று மட்டும் சொல். சொன்னபடி வா, நாலு நாள் போதும், எதையும் சரி செய்ய வேண்டாம், சும்மா வா. வந்ததும் சுவரைத் தொட்டுப் பார்த்து, எப்படிப்பா காஞ்சுது என்று ஆச்சரியப்படு, மீதியை அவர் பார்த்துக்கொள்வார்.

நீ நீடூழி நல்லா இருக்கணும், உன் கைபட்ட நோயாளிகளெல்லாம் எழுந்து நடக்கணும், உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது. வெளியே போகும்போது காதை மூடிக்கொள், கால் நனைந்தால் உடனே துடை. ஒன்றை மட்டும் மறக்காதே, கணப்புக்குப் பக்கத்தில் பேசினில் தண்ணீர் அப்படியே இருக்கிறது, ஆவியாகிக் குறைந்தால் அப்பா கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிடுகிறார். நீ வந்துதான் அதைக் கொட்ட வேண்டும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
அம்மா