சிவப்புத் தொப்பிக்காரி

ஜூன் 9, திங்கள்
கச்சான் காத்து. காயப்போட்ட உடுப்பெல்லாம் மண். குசினிக் கூரைக்குக் கிடுகு மாத்த வேணும். பள்ளிக்கூடச் சோதினை மறுமொழி இன்னும் வரல்ல.

யோகன் மச்சான் வந்தான். தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் அவள்ட கதைதான். லாஞ்சி எஞ்சின் பூட்ட வந்த நோர்வேக்காரத் துரைட மகள், இங்ரிட். இவன் துரைக்குக் கையாள். வெயிலோ காத்தோ, அவள்ட தலையில சிவப்புத் தொப்பி. அங்க பள்ளிக்கூடம் முடிக்கிறவங்க போடுறதாம். லொறிக்குச் சிவப்பு அடிச்சு, ஊரெல்லாம் கூவிக்கொண்டு ஓட்டமாம்.

"மறுமொழி வந்தாப் பிறகா?" எண்டன்.

"வர முன்னமேகா!"

எனக்கும்தான் சோதினை முடிஞ்சது. முடிஞ்ச அண்டைக்கு அம்மா உலக்கையைத் தந்தா. ஆவணியில எனக்கும் இவனுக்கும் கலியாணம். சின்ன வயசிலேயே பெரியாக்கள் பேசி வச்சது.

ஜூன் 11, புதன்
மீன் இல்ல. நண்டு மட்டும்.

யோகன்ட சேட்டுப் பையில சின்ன அட்டை ஒண்டு. சிவப்புத் தொப்பிக்காரிட (இனிச் சி.தொ.) படம், கீழ அவங்கட பாசையில ஏதோ பகிடி. கூட்டாளிமாருக்குக் குடுக்கிறதாம். கூட்டாளி!

தொப்பியில ஒரு நூல் தொங்குது. ஒவ்வொரு குறும்புக்கும் அதில ஒரு முடிச்சு. மரத்தில ஏறி இருந்து சாப்பிட்டா ஒண்டு. நாள் முழுக்க உடுப்பை உள்பக்கம் வெளியால போட்டுத் திரிஞ்சா ஒண்டு. கப்பல் ஏறினதால அவளுக்குக் கொண்டாட்டம் பாதியில போச்சாம், மிச்சத்தை இங்க முடிக்கிறாள். யோகன் ஐயாதான் உதவி.

மட்டக்களப்பாள் மந்திரம் போட்டு ஆளைப் பாயோட ஒட்ட வைப்பாள் எண்டு யாழ்ப்பாணத்தான் சொல்லுவான். வந்து பார்க்கட்டும். இவள் பாயும் இல்லாம ஒட்டிப்போட்டாள்.

ஜூன் 13, வெள்ளி
சந்தைக்கு. வெங்காயம், கொத்தமல்லி, தையல் நூல்.

மீன்கடை வாசல்ல ஒரே சனம். எட்டிப் பார்த்தா, சி.தொ. மண்ணில முழங்கால் குத்தி நிக்கிறாள். எதிர்ல யோகன். "என்னைக் கலியாணம் முடிக்கிறியா?" எண்டு கேக்கிறாள், தமிழில! ஆர் படிப்பிச்சது? அவன் வயிறு குலுங்கச் சிரிச்சு, "ஓம்! ஓம்!" எண்டான். அவள் தொப்பியைக் கழட்டி முடிச்சுப் போட்டாள். சனம் கை தட்டுது.

மீன் விக்கிற பொன்னம்மாக்கா: "என்ன புள்ள, உன்ட மாப்பிள்ளைய வெள்ளைக்காரி கொத்திக்கொண்டு போறாளே!"

வெங்காயம் வாங்கல்ல. வழியெல்லாம் அழுதன். ஆரும் கேட்டா கண்ணுக்குள்ள மண்.

ஜூன் 14, சனி
மாமி, யோகன்ட அம்மா, விடியவே ஓடி வந்தா. "அது விளையாட்டுகா. ஆரிட்டயும் அப்பிடிக் கேட்டா ஒரு முடிச்சாம். அந்த மடையனும் பல்லைக் காட்டினான். மனசில வைக்காத புள்ள."

விளையாட்டு எண்டு எனக்கும் விளங்குது. எரிச்சல் போகுதில்ல. அரிசி களையக்குள்ள யோசிச்சன், ஏன் இப்பிடி எரியுது? அவன் சிரிச்சதுக்கா? இல்ல. நடுச் சந்தையில நிண்டு ஒருத்தி வாய் விட்டுக் கேட்டாளே, அதுக்கு. என்னை ஒருத்தரும் கேக்கல்ல. அவனிட்டயும் பெரியாக்கள் ஆரும் கேட்டதாத் தெரியல்ல.

சோறு அடிப்பிடிச்சிட்டு. அம்மாட ஏச்சு.

ஜூன் 16, திங்கள்
காத்துக் குறைவு. மாமி அவனுக்குக் குடுத்துவிட்ட சோத்தோட துறையடிக்குப் போனன். சி.தொ. இல்ல. நல்லது.

"மச்சான், என்னைக் கலியாணம் முடிக்கிறீங்களா?" முழங்கால் குத்தல்ல. நிண்டுதான் கேட்டன்.

சிரிப்பான் எண்டு நினைச்சன். சிரிக்கல்ல.

"என்னகா கேள்வி இது? அது எப்பவோ பேசி முடிச்சதுதானே."

"அது அவங்க பேசினது. நீங்க சொல்லுங்க. ஓமா, இல்லையா?"

கையெல்லாம் கிரீஸ். சீலைத்துண்டால ஒவ்வொரு விரலாத் துடைச்சான்.

"சோறு ஆறப்போகுது" எண்டான்.

ஜூன் 18, புதன்
திரும்பவும் காத்து. கிடுகு வந்தது, பாதி உக்கல். தாலிக்குப் பொன்னுருக்க நாள் வச்சாச்சு. அம்மாவும் மாமியும் ஆரார்க்குச் சொல்றது எண்டு கதை. அவன் இன்னும் ஓம் சொல்லல்ல.