புள்ளிக் கோடு, முழுக் கோடு

ஆபா,

நேற்று புத்தக அலமாரியின் மேல்தட்டைத் துடைத்தபோது உங்கள் பாக்கெட் ஒன்று கிடைத்தது. பழுப்பு உறை. சுற்றியிருந்த ரப்பர் பேண்ட் உருகி உறையோடு ஒட்டிப்போயிருந்தது. உள்ளே மஞ்சள் அட்டையில் வெட்டிய ஐந்து துண்டுகள், தொங்கவிட நூல், சின்னப் பசைக் குப்பி, நான்காக மடித்த செய்முறைத் தாள். பசை காய்ந்து கல்லாகியிருந்தது. ஆனாலும் மூடியைத் திறந்ததும் நம் பழைய பத்திரிகை அலுவலகத்தின் வாசம் வந்தது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. அந்தத் தாளை நான் பிரிக்கவில்லை. அதில் என்ன இருக்கிறது என்று தெரியும். எழுதியவன் நான்.

அலுவலகத்தில் ஆசிரியர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் நீங்கள் ஆபா. உங்கள் வீட்டுப் பேச்சில் அதற்கு அக்கா என்று பொருள் என்பதே பலருக்குத் தெரியாது. அதுதான் உங்கள் பெயர் என்று நினைத்திருந்தார்கள். பக்கம் ஒட்டும் பிரிவில் உங்கள் மேசை ஜன்னலோரம் இருந்தது. கணினி வராத காலம். அச்சாகி வரும் நீளத் தாள்களைக் கத்தியால் வெட்டி, பசை தடவி, பத்தி பத்தியாக ஒட்டினால்தான் பக்கம். கடைசி நேரத்தில் ஒரு வரி மாறினால் அந்த ஒற்றை வரியை மட்டும் அரிந்தெடுத்து அதே இடத்தில் புதிய வரியை வைப்பீர்கள். காலையில் பத்திரிகையைக் கண்ணருகே பிடித்துத் தேடுவேன். ஒட்டு தெரியாது.

ஆனால் ஒட்டும் எதையும் நீங்கள் படித்ததில்லை. ஒருமுறை தலைப்பில் எழுத்து விட்டுப்போனதற்கு உங்களையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். "படிக்கிறது அவுங்க வேலை சார், ஒட்றது என் வேலை. ரெண்டையும் நானே பண்ணா அவுங்களுக்கு இன்னாத்துக்கு சம்பளம்?" என்றீர்கள். அறையே சிரித்தது. ஒட்டும் பிரிவில் எல்லாருக்கும் அதுதான் முறை. படிக்க ஆரம்பித்தால் கை நின்றுவிடும் என்பார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் உங்கள் கை நிற்கவில்லை. மூன்று வருடத்துக்கு முன் அடையாறில் ஒரு பள்ளி மைதானத்தில், அரையாண்டு விடுமுறையில் நடக்கும் இரண்டு நாள் சந்தையில், உங்கள் மகள் ஒரு மேசை பிடித்துக் கொடுத்தாள். குழந்தைகளே மடித்து ஒட்டி வாசலில் கட்டும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம். அதற்கான துண்டுகளை வெட்டி உறையில் போட்டு விற்பது என்று முடிவு செய்தீர்கள். நவம்பர் முழுக்க வெட்டினீர்கள்.

"தொழுவுற வூட்ல ஸ்டார் செய்றீங்களான்னு மாடி வூட்டம்மா கேக்குது. ஸ்டாரு வானத்துலதானே கீது, எல்லாருக்கும்தானே தெரியுதுன்னேன்" என்றீர்கள்.

அந்த வருடம் டீ கப்பைப் பிடிக்கையில் உங்கள் விரல் லேசாக நடுங்கத் தொடங்கியிருந்தது. கத்தியைப் பிடித்தால் நடுக்கம் நின்றுவிடும். இரண்டையும் நான் பார்த்தேன்.

செய்முறையை எழுதித் தர என்னைக் கூப்பிட்டீர்கள். மயிலாப்பூரில் உங்கள் வீட்டுத் தரையில் உட்கார்ந்து, நீங்கள் மடிக்க மடிக்க, நோட்டில் குறித்தேன். அட்டையில் போட்டிருக்கும் புள்ளிக் கோட்டை உள்பக்கமாக மடிக்கவேண்டும். முழுக் கோட்டை வெளிப்பக்கமாக மடிக்கவேண்டும். நோட்டில் சரியாகத்தான் இருக்கிறது. மறுநாள் வேறொரு கட்டுரையின் நடுவே, நோட்டைத் திறக்காமல், ஞாபகத்திலிருந்து பத்து நிமிடத்தில் தாளை எழுதி முடித்தேன். நேரில் போய்ப் பார்க்காமல் ஒரு தெருவைப் பற்றிக்கூட எழுதாதவன், ஓர் அட்டையை மடித்துப் பார்க்கவில்லை.

"செஞ்சி பாத்தியா?" என்று போனில் கேட்டீர்கள்.

"பார்த்தேன் ஆபா."

"அப்ப சரி. நீ எழுதினத நான் எதுக்குப் படிக்கணும்?" என்று நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போனீர்கள்.

சனிக்கிழமை உங்கள் மேசையில்தான் கூட்டம். பக்கத்து மேசையில் சிப்பி பதித்த கண்ணாடிகள் விற்ற நொச்சிக்குப்பத்து அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "இன்னா ஆபா, அல்லாரும் உன்னாண்டயே நிக்கிறாங்கோ. ரெண்டு ஸ்டார இந்தாண்ட தொங்கவுடு, என் கடைக்கும் வெளிச்சம் வரட்டும்."

"மொதல்ல உன் கண்ணாடியத் தொடச்சி வெய். அதுல பாத்தா நான் கெழவியாட்டம் தெரியறேன்."

"கண்ணாடி பொய் சொல்லாது ஆபா."

நீங்கள் வாய்விட்டுச் சிரித்தீர்கள். வாங்கமாட்டேன் என்றால் விடமாட்டீர்கள் என்று நானும் இரண்டு பாக்கெட் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தபோது உங்கள் மேசை முன் நின்றவர்கள் வாங்க வந்தவர்கள் இல்லை. ஒருவர் கையில் பசை ஒழுகிய நட்சத்திரம். முனைகள் பிளந்து கிடந்தன. "சேரவே மாட்டேங்குது மேடம். நடுவுல விரல் போற அளவுக்கு இடைவெளி. அளவு பாத்துத்தான் வெட்டினீங்களா?" அவர் கையைப் பிடித்திருந்த சின்னப் பெண், "அப்பா, இது ஸ்டார் இல்ல, நண்டு" என்றது. அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். சந்தை நடத்தும் பெண்மணி வந்து, "மீதிய இன்னிக்கு விக்க வேணாம் ஆன்ட்டி" என்று மெதுவாகச் சொன்னார். நீங்கள் இரும்பு ஸ்கேலை எடுத்து ஒரு துண்டை அளந்தீர்கள். மறுபடி அளந்தீர்கள்.

"வுடு ஆபா" என்றாள் நொச்சிக்குப்பத்து அம்மா. "மீனு வாங்கினு போனவன்கூட மறுநாள் வந்து சண்ட போடறான். அதுக்கோசரம் கடலுக்குப் போவாம கீறோமா?"

நீங்கள் மூன்றாவது முறை அளந்தீர்கள். உங்களுக்கு வயதாகிவிட்டது என்று அப்போது உண்மையாகவே நம்பினேன்.

செவ்வாய்க்கிழமை என் பாக்கெட்டில் ஒன்றைப் பிரித்து, என் தாளைப் பார்த்து மடித்தேன். விரல் போகும் இடைவெளி. நோட்டை எடுத்தேன். இரண்டு கோடுகளையும் மாற்றி எழுதியிருந்தேன்.

உடனே கிளம்பி வந்தேன். சொல்லத்தான் வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஸ்கேலோடு வந்தீர்கள். பின்னால் உங்கள் மகள்.

"ஒரு நூலு தள்ளிப்போயிருக்குப்பா. எனக்கு மூடுது. பழகின கை, இழுத்து மூடிடுது. புள்ளைங்களுக்கு எப்படி மூடும்? என் கை போச்சு."

தவறைத் தேடுகிறவருக்கு எந்த அளவிலும் ஒரு நூல் பிசகு கிடைக்கும். "ஆபா, தப்பு என்னுடையது" என்று சொல்ல அந்த வாசலில் எவ்வளவு நேரம் பிடித்திருக்கும்? பெயர் போட்டு வந்த என் செய்திகளுக்குத் திருத்தம் வந்தது மிகக் குறைவு என்று எனக்கொரு பெருமை இருந்தது. செய்து பார்த்தேன் என்று உங்களிடம் சொன்ன பொய் வேறு இருந்தது. நான் சொன்னது இதுதான்: "வயசானா அப்படித்தான் ஆபா. விடுங்க."

நீங்கள் தலையாட்டினீர்கள். கத்தியைப் பழைய துணியில் சுற்றி, "இத மேல வெச்சுடும்மா" என்று மகளிடம் கொடுத்தீர்கள். நான் டீ குடித்துவிட்டு வந்தேன்.

அடுத்த வருடம் சந்தை நடத்தும் அந்தப் பெண்மணியே உங்களை அழைத்தார். "வேணாம்மா, என் கை சரியில்ல" என்றீர்களாம். அதற்கடுத்த வருடம் அழைக்கவில்லை. இடையில் எத்தனையோ முறை உங்கள் வீட்டுக்கு வந்தேன். ஒருமுறை பேரனுக்குப் பள்ளிக்கூட அட்டவணை வெட்ட வேண்டியிருந்தது. நீங்கள் கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினீர்கள். நான் கோணலாக வெட்டினேன். "உன் கையும் போச்சா?" என்று சிரித்தீர்கள். அப்போதுகூடச் சொல்லவில்லை.

நேற்று கடைசி பாக்கெட்டைப் புதிய பசை வாங்கிவந்து, நோட்டில் உள்ளபடி மடித்தேன். ஐந்து முனைகளும் மூடின. அழுத்தவில்லை, இழுக்கவில்லை. பழகாத என் கைக்கே மூடின. ஒரு நூல்கூடத் தள்ளவில்லை ஆபா.

தவறு வந்த பக்கத்திலேயே திருத்தமும் வரவேண்டும் என்பது நம் அலுவலக வழக்கம். அதனால் இன்று காலை உங்கள் வீட்டு வாசலுக்குப் போய், அன்று பின்னால் நின்ற உங்கள் மகளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் நட்சத்திரத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நீங்கள் செய்வதுபோலவே கட்டைவிரலால் ஓர் ஓரத்தைத் தடவினாள்.

"அப்பவே சொல்லியிருந்தீங்கன்னா இன்னும் ரெண்டு டிசம்பர் வெட்டியிருப்பாங்க அங்கிள்" என்றாள்.

குரலில் கோபம் இல்லை. "உக்காருங்க, டீ போடறேன்" என்றாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நட்சத்திரத்தை அவளிடமே விட்டுவந்தேன்.

தாள் மட்டும் என் சட்டைப்பையில் இருக்கிறது. பஸ்ஸில் உட்கார்ந்து அதைப் பிரித்தேன். புள்ளிக் கோட்டையும் முழுக் கோட்டையும் அடித்து இடம் மாற்றினேன். கீழே, 'வெட்டிய கையில் தவறில்லை' என்று எழுதினேன். நீங்களாக இருந்தால் அந்த ஒற்றை வரியை அரிந்தெடுத்து, ஒட்டு தெரியாமல் வேறு வரி வைத்திருப்பீர்கள். நான் அடித்த இடம் கோணலாக, மையோடு, நன்றாகத் தெரிகிறது. தெரியட்டும்.