வெள்ளிக்கிழமை வரப்போகும் பனிப்புயல்

அன்புள்ள அம்மா,

முட்டிவலி பரவாயில்லையா? இங்கே அரிசோனாவில் எனக்கு ஒரு குறையும் இல்லை; டிசம்பரிலும் செருப்போடுதான் திரிகிறேன்.

வெள்ளிக்கிழமை நம் பஃபலோவில் பனிப்புயல் அடிக்குமா என்று எங்கள் பனிப் பைத்தியங்களின் இணையக் குழுவில் ஒரே சண்டை. வானிலை வரைபடம் மாற மாற என்னால் உட்கார முடியவில்லை, எழுந்தால் நிற்க முடியவில்லை. கிழவர் ஸ்டான், எழுபத்தேழாம் வருஷப் புயலில் மாடி ஜன்னல் வழியாக வெளியே வந்த கதையை மறுபடி ஆரம்பித்துவிட்டார். எப்போதும் கூரை முட்டப் பனி கேட்கிறவன் நான். இந்த முறை, "புயல் தெற்கே தள்ளிப் போயிடும்" என்று எழுதினேன்.

"என்னடா நார்பர்ட், வெயில்ல மூளை உருகிடுச்சா?" என்றார் ஸ்டான்.

"அவங்கம்மா தனியா இருக்காங்கய்யா," என்று நம் எதிர்வீட்டு லொரெய்ன் போட்டு உடைத்துவிட்டாள்.

பனி வாரும் மண்வெட்டியைக் கொட்டகையில் போடாதே, வீட்டுக்குள் வை. பனியை அளக்கிறேன் என்று அப்பாவின் அளவுகோலோடு வெளியே இறங்காதே. லொரெய்ன் ஜன்னலில் கேமரா வைத்திருக்கிறாள். குழுவே அதில்தான் பனி பார்க்கும். அதன் ஓரத்தில் நம் வாசல் தெரிகிறது.

வேலைக்கு நேரமாகிவிட்டது. இருட்டியதும் வாசல் விளக்கைப் போடு, விடிந்ததும் அணை. பனியை மற்றவர்கள் பார்க்கட்டும்; நான் அந்த விளக்கைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

உன் நார்பர்ட்