அந்தப் பத்தியை எடுக்காதே

அன்புள்ள வாலுக்கு,

நானும் அம்மாவும் சுகம். நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க மூன்று தடவை போன் போட்டேன், எடுக்கவில்லை, அதனால் இந்த மெயில். சுற்றி வளைக்க எனக்கு வராது. ஞாயிறன்று நான் சொன்னது தப்பு. நீ வேலை பார்க்கும் அந்த நாட்டு மத்திய வங்கி வட்டியை ஏற்றினால் மற்ற நாடுகள் என்ன பாடுபடும் என்று அறிக்கையில் நீ எழுதிய பத்தியை மேலதிகாரி எடுக்கச் சொல்கிறார், எடுக்கவா என்று கேட்டாய். எடுத்துத் தொலை, வேலை முக்கியம் என்றேன். உன்னைவிட இருபது வயதுதான் மூத்தவன், அவசரபுத்தி இன்னும் போகவில்லை. வியாழக்கிழமை உங்கள் வட்டிக் கூட்டத்துக்கு முன் இதைப் படித்துவிடு.

நேற்று ஆஸ்பத்திரியில் நான் பம்ப் ஓட்டும் கட்டடத்து மேல்மாடிக்குத் தண்ணீர் ஏறவில்லை என்று பம்பின் அழுத்தத்தை ஏற்றினேன். எதிர்க் கட்டடமும் அதே மெயின் குழாயில்தான் இழுக்கிறது. அங்கே வரத்து குறைந்ததும் அந்த ஆப்பரேட்டர் தன் பம்பை ஏற்றினான், நான் இன்னும் ஏற்றினேன். இருவரும் மீட்டரைப் பார்த்தோமே தவிர ஒருவரை ஒருவர் கூப்பிடவில்லை. டயாலிசிஸ் நர்ஸ் படியிறங்கி வந்து, நீங்க மீட்டரைக் கொஞ்சிக்கிட்டு இருங்க, அங்க மெஷின் நின்னு நாலு பேர் படுத்திருக்காங்க என்று கிழித்துவிட்டாள். அப்புறம்தான் போனில் பேசிக்கொண்டு இருவரும் இறக்கினோம், பத்து நிமிடத்தில் சரியானது.

போன தடவை நீங்கள் வட்டியை ஏற்றியதும் முதலீடெல்லாம் அங்கே ஓடியது, நம் பணத்தின் மதிப்பு சரிந்தது, அதைப் பிடித்து நிறுத்த நம் மத்திய வங்கியும் வட்டியை ஏற்றியது. உன் மாமா வேலை பார்த்த தண்ணீர்த்தொட்டி கம்பெனிக்கு மூலப்பொருள் வெளிநாட்டிலிருந்து வருவது, விலை தாங்காமல் அவருடைய ஷிப்டையே மூடிவிட்டார்கள். இப்போது நம் ஹாலில் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்து, உங்க பொண்ணு பெரிய வங்கியில இருக்காளே மச்சான், எங்களைப் பத்தியும் ஒரு வரி எழுதச் சொல்லுங்களேன் என்று சிரிக்கிறார். எழுதியிருந்தாள், எடுக்கச் சொன்னவன் நான்தான் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்ம வங்கிச் சட்டம் நம்ம நாட்டு மக்களை மட்டும்தான் பார்க்கச் சொல்லுது என்றாராமே உன் மேலதிகாரி. இருக்கட்டும். ஏற்றாதே என்றா எழுதினாய்? மற்ற வங்கிகளிடம் முன்கூட்டிப் பேசிவிட்டு, படிப்படியாக ஏற்று என்றுதானே எழுதினாய். இங்கே எல்லாரும் காசில்லாமல் கையைச் சுருக்கிக்கொண்டால் உங்கள் சரக்கை யார் வாங்குவார்கள் என்று கேள், அது அவருக்குப் புரியும்.

உன் வேலை போய்விடுமோ என்று எனக்கு இப்போதும் பயம்தான். அந்தப் பயத்தில்தான் அன்று உளறினேன். என் பயத்துக்கு நீ கையெழுத்துப் போடாதே.

தலை நிமிர்ந்து நல்லா இரு. வேளைக்குச் சாப்பிடு. எடுத்துவிட்டாயா, இருக்கிறதா, அதை மட்டுமாவது ஒரு வரியில் உடனே எழுது.

உன் அப்பா